பந்தய வண்டியும் தீயணைப்பானும்



பெங்களூரில் வாழும் தமிழர்க்குச் சிவாஜிநகரைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பிற நகரங்களில் வாழும் நேயர்களுக்காகச் சில சொற்கள் கூறிவிட்டு நம் பொருளுக்கு வருவோம். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்நகரில் தண்டு அமைத்தனர். அதனைத் தொடர்ந்து வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வணிகரும் கொல்லரும் தச்சரும் கூலியாட்களும் வந்து குடியேறினர். பிளாக்பள்ளி என்று முன்னாளில் வழங்கிய வட்டாரமே இன்றைய சிவாஜிநகர். செப்டம்பர்த் திங்களில் புனித மரியன்னை ஆலயத் தேர்த் திருவிழாவின்போது அங்கே தமிழ் ஒலிப்பதை இன்றும் கேட்கலாம்.

அவ்வட்டாரத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சென்னையில் நாம் காயலான் கடை என்கிறோமே, அதனை அங்கே குஜிரி என்பர். பழைய மோட்டார் வண்டிகளை உடைத்து, கதவு வேறு, கண்ணாடி வேறு, யந்திரம் வேறு என்று பிரித்து விற்கும் கடைகள் அங்கே உள்ளன. அவற்றை அடுத்து மோட்டார்ப் பட்டறைகள். அத்தகைய பட்டறை ஒன்றின் மேஸ்திரி நம் அண்டை வீட்டார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே தமிழ்நாட்டை விட்டு வந்த குடும்பம். கன்னடம், உருது, தமிழ் மூன்றும் தடையின்றிப் பேசுவார். ஆனால் ஆங்கிலம் படிக்க வராது. நாமோ மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். கலைக் கல்லூரியில் படித்தோமேயன்றி, யந்திரங்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. ஆயினும் ஒரு நாள் மாலை அவர் நம்மைத் தேடி வந்தார்.

"சார், இதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். பையன் அந்த வண்டியில் உட்காரப் போகிறான்" என்று சொல்லி, எண்ணெய்க் கறை படிந்த தாள் ஒன்றை நீட்டினார்.

அவருடைய பட்டறையில் ராலிப் பந்தயத்துக்கென ஒரு கார் தயாராகிக்கொண்டிருந்தது. ராலி என்பது மூடிய திடலில் ஓடும் பந்தயமன்று; காட்டுப் பாதையிலும் மண் சாலையிலும், வழி சொல்லும் துணைவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, காலக் கணக்கோடு ஓடுவது. கர்நாடக மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் கே-1000 ராலியை நேயர்களிற் பலர் அறிந்திருக்கக்கூடும். மேஸ்திரியின் மகன் அவ்வண்டியில் வழி சொல்லும் துணைவனாக அமர இருந்தான். அதில் பொருத்துவதற்காகத் தீயணைப்புச் சாதனம் ஒன்றைக் குஜிரியில் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தனர். அதன் விளக்கத் தாளே நம்மிடம் வந்தது. அதை மொழிபெயர்க்க முயன்றபோது நாம் கற்ற பாடத்தையே இன்று நேயர்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில், பந்தய வண்டி ஏன் எளிதில் தீப்பற்றுகிறது? பெட்ரோல் என்னும் திரவம் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடுகிறது. அந்த ஆவி காற்றினும் கனமானது. ஆதலால் மேலே எழுந்து கலைந்துவிடாமல் வண்டியின் அடித்தளத்திலேயே தங்குகிறது. பந்தயத்தில் புகைபோக்கிக் குழாய் செந்நிறமாகச் சூடேறும். கல் அடித்தோ, மோதியோ ஒரு ரப்பர்க் குழாய் கிழிந்தால் பெட்ரோலோ யந்திர எண்ணெயோ அதன்மேல் சிதறும். மின்கம்பி அறுந்து ஒரு பொறி எழுந்தாலும் போதும். சாதாரணக் காரில் இருப்பவர் கதவைத் திறந்து குதித்துவிடலாம். பந்தய வண்டியில் இருப்பவரோ ஐந்தாறு பட்டைகளால் இருக்கையோடு இறுகக் கட்டப்பட்டிருப்பார், சுற்றிலும் இரும்புக் கூண்டு, தலையில் கவசம், கைகளில் தடித்த உறை.

இவ்வபாயத்தை உலகம் பெரும் விலை கொடுத்தே உணர்ந்தது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச் என்னும் திடலில் ஸ்விட்சர்லாந்து வீரர் ஜோ சிஃபெர்ட்டின் வண்டி விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. அவரால் வெளியேற முடியவில்லை. அவர் மாண்டது புகையைச் சுவாசித்ததனால் என்பதும், திடலோரத்தில் இருந்த தீயணைப்பான்கள் வேலை செய்யவில்லை என்பதும் பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தன. அதன் பின்னரே ஓட்டுபவர் தாமே இயக்கக்கூடிய தீயணைப்பானை வண்டிக்குள்ளேயே பொருத்த வேண்டும் என்பது பெரும் பந்தயங்களில் கட்டாயமாயிற்று. தீயணைப்பான் இல்லாமல் அவர் இறக்கவில்லை. தீயணைப்பான்கள் இருந்தும் இறந்தார். இதனை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

தமிழ்நாட்டிலும் மோட்டார்ப் பந்தயம் பழைய விளையாட்டே. 1953ஆம் ஆண்டில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் திடல் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஓட்டுபவரின் பெயரை ஊர் அறியும். அவர் வண்டியில் குழாயை முடுக்கிய கையையும், தேதியைப் பார்த்த கண்ணையும் ஊர் அறியாது. நம் பேச்சு அக்கையையும் கண்ணையும் பற்றியது.

வண்டியில் பொருத்தும் தீயணைப்பான் எதற்கு? நெருப்பை முற்றிலும் அவித்து வண்டியைக் காப்பாற்றுவதற்கு என்றே நாமும் முதலில் எண்ணினோம். அது தவறு. அதன் சிலிண்டரில் பெரும்பாலும் 2 முதல் 4 லிட்டர் வரையிலான மருந்தே இருக்கும். அது சில நொடிகளில் தீர்ந்துவிடும். அந்த நொடிகளில் மனிதர் வெளியேறிவிட வேண்டும். 2020ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பஹ்ரைனில் ரோமெய்ன் குரோஷான் என்னும் பிரெஞ்சு வீரரின் வண்டி வேலியில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்தது. சுமார் 28 நொடிகள் அவர் நெருப்பினுள் இருந்தார். கைகளில் தீக்காயத்தோடு பிழைத்து வெளியே வந்தார். தீ தாங்கும் உடை, தலைக்கு மேலிருந்த உலோக வளையம், ஓடி வந்த மருத்துவர், தீயணைப்பாளர் எல்லாருமாகச் சேர்ந்து அவருக்கு அந்த நொடிகளை வாங்கித் தந்தனர். ஆகவே உடையும் கூண்டும் தீயணைப்பானும் ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல; ஒன்றுக்கு ஒன்று துணை.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் மருந்து. வண்டிகளில் மிகுதியாக உபயோகிப்பது நுரை. தண்ணீரோடு கலந்த இந்நுரை எரியும் பெட்ரோலின்மேல் மெல்லிய படலமாகப் பரவி ஆவியை அடக்குகிறது, சூட்டையும் தணிக்கிறது. திறந்த வண்டிக்கும் மூடிய வண்டிக்கும் ஏற்றது. ஆனால் எரிபொருள் மெதனால் போன்ற சாராய வகையானால் சாதாரண நுரை அதில் கரைந்து கெட்டுவிடும். அதற்குரிய தனி வகை வேண்டும். இரண்டாவது, உடனே ஆவியாகும் மருந்து. கறை வைக்காது, மூலை முடுக்கெல்லாம் புகும். மூடிய வண்டிக்கு நன்று. திறந்த வண்டியிலோ காற்று அதை அடித்துச் சென்றுவிடும். மூன்றாவது, உலர்ந்த தூள். கையில் எடுத்துப் பயன்படுத்தும் தீயணைப்பானில் அது சிறந்ததே. ஆனால் ஆள் அமர்ந்திருக்கும் அறைக்குள் பீச்சினால் கண்ணையும் மூச்சையும் மறைக்கும். கரியமிலவாயுவை அடைத்த அறைக்குள் விடுவது உள்ளே இருப்பவரின் மூச்சுக்கே அபாயம்.

ஹாலோன் என்னும் மருந்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு காலத்தில் அதுவே பந்தய வண்டிகளின் மருந்தாக இருந்தது. வானத்து ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கையின் கீழ் அது விலக்கப்பட்டது. வளர்ந்த நாடுகளில் 1994ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றது. அதற்கு மாற்றாக வந்த நோவெக் என்னும் திரவத்தின் உற்பத்தியை 2025ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்தப்போவதாக, அதனைச் செய்து வந்த த்ரீஎம் நிறுவனம் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. ஆகவே வாங்குவோர், இம்மருந்தை நாளைக்கு மீண்டும் நிரப்பித் தர ஆள் உண்டா என்று கேட்ட பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

அடுத்து, இயக்கும் முறை. கையால் இழுக்கும் கம்பி வகை ஒன்று. ஸ்விட்சை அழுத்தும் மின்சார வகை மற்றொன்று. கம்பி வகை எளியது; ஆனால் கம்பி வளைந்து துருப்பிடித்தால் இழுபடாது. மின்சார வகையில் சிறு விரல் அழுத்தமே போதும். ஆனால் அதற்கென்றே உள்ள தனி பாட்டரியைக் காலந்தவறாது மாற்ற வேண்டும். எதுவாயினும் இரு இடங்களிலிருந்து இயங்க வேண்டும்: பட்டைகள் கட்டிய நிலையில் அமர்ந்திருப்பவரின் கைக்கு எட்டும்படி ஒன்று, வெளியே நிற்பவர் இயக்கும்படி ஒன்று. வெளியிலுள்ள இடத்தை, சிவப்பு விளிம்பிட்ட வெள்ளை வட்டத்துள் சிவப்பு நிறத்தில் எழுதிய 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தினால் குறிப்பது உலக வழக்கம். வட்டம் குறைந்தது 10 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும் என்பது பாரிஸ் நகரில் 1904ஆம் ஆண்டு தோன்றிய எஃப்.ஐ.ஏ. என்னும் உலக மோட்டார் சம்மேளனத்தின் விதி.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். சிலிண்டரை வண்டியின் தளத்தோடு உலோகப் பட்டைகளால் பிணைக்க வேண்டும். வண்டி மோதி நிற்கும்போது, எடையைப்போல் 25 மடங்கு விசையைப் பிடிமானம் தாங்க வேண்டும் என்பது விதி. ஐந்து கிலோ எடையுள்ள சிலிண்டர் அந்நேரத்தில் 125 கிலோ எடைபோல் இழுக்கும். பிடி விட்டால், உயிர் காக்க வைத்த பொருளே உயிர் வாங்கும். பட்டறையில் நாசில் என்னும் பீச்சுமுனைகளைப் பெட்ரோல் குழாய், புகைபோக்கி ஆகியவை உள்ள யந்திர அறையை நோக்கியும், அமர்ந்திருப்போரின் கால் பக்கம் நோக்கியும் வைக்க வேண்டும். முகத்தை நோக்கி ஒருபோதும் வைத்தல் ஆகாது. யந்திர அறைக்குள் செல்லும் குழாய், நெருப்பில் உருகாத உலோகமாக இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் எழுதி முடித்து, மறுநாள் நாம் பட்டறைக்குச் சென்றோம். சிலிண்டரின்மேல் ஒட்டியிருந்த சீட்டை மேஸ்திரி காட்டினார். மருந்தின் பெயர், அளவு, மொத்த எடை, சோதிக்க வேண்டிய தேதி ஆகியவை அதில் இருந்தன. மருந்து நிரப்பிய நாளிலிருந்தோ, கடைசியாகச் சோதித்த நாளிலிருந்தோ இரண்டாண்டுக்கு மேற்படாமல் மறுசோதனை செய்ய வேண்டும் என்பது உலகச் சம்மேளனத்தின் விதி. அச்சீட்டின் தேதி கடந்து ஆறாண்டு ஆகியிருந்தது. ஆனால் அழுத்தங்காட்டும் முள்ளோ பச்சைக் கோட்டில் நின்றது. "முள் பச்சையில்தானே இருக்கிறது, சார்" என்றார் மேஸ்திரி.

"எடை எவ்வளவு என்று சீட்டில் எழுதியிருக்கிறது. நிறுத்துப் பார்த்துவிடலாமே" என்றோம் நாம். அடுத்த கடைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். சீட்டில் கண்டதைவிட முக்கால் கிலோவுக்கு மேல் குறைவு. மருந்து எப்போதோ கசிந்திருக்கிறது. முள் மட்டும் துருவேறி நின்றுவிட்டது. அழுத்தமானி அழுத்தத்தைச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். தராசு பொய் சொல்வதில்லை. பந்தயப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முறை நிறுத்துக் குறித்து வைப்பது எவருக்கும் கைகூடும் செயல். அச்சிலிண்டரை மேஸ்திரி ஒதுக்கி வைத்தார். வண்டிச் சொந்தக்காரரிடம் பேசி, செல்லுபடியாகும் தேதியுள்ள புதியது ஒன்று வாங்கப்பட்டது. மலிவாக வாங்கியதற்காக அவரை நாம் குறை கூறவில்லை. குஜிரியில் வாங்கிய கதவு கதவாகவே இருக்கும். குஜிரியில் வாங்கிய தீயணைப்பானோ தீயணைப்பானாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

புதிய சாதனம் மின்சார வகை. அதன் பெட்டியில் ஒரு சிறு ஸ்விட்ச். ஒரு பக்கம் 'சேஃப்' என்றும், மறு பக்கம் 'ஆர்ம்டு' என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மேஸ்திரியின் மகன் முதற்சொல்லை மட்டும் அறிவான். "இது பத்திரம் என்று பொருள், சார். இந்தப் பக்கமே வைத்திருக்கிறேன்" என்றான். நாமும் அகராதியை நம்பி முதல் நாள் அவ்வாறே எழுதியிருந்தோம். தாளின் அடுத்த பக்கத்தைப் படித்தபோதுதான் நமக்கு உண்மை விளங்கியது. அச்சொல் குறித்தது ஆளின் பத்திரத்தை அன்று. பட்டறையில் எவர் கையாவது தவறிப் பட்டு மருந்து வீணாகாமல் இருக்கும் பத்திரத்தையே அது குறித்தது. அந்த நிலையில் ஓட்டுபவர் எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு சொட்டு வராது. ஸ்விட்சைத் திருப்பினாலன்றிச் சாதனம் உறங்கிக்கொண்டே இருக்கும். நாம் எழுதிய ஒரு சொல், அகராதிப்படி சரியாக இருந்தும், இரு உயிர்களுக்கு அபாயமாகியிருக்கும். இருபதாண்டுகளாக மொழிபெயர்ப்புத் தொழில் செய்தும் அன்று அடைந்த அச்சத்தை வேறு நாளில் நாம் அடைந்ததில்லை.

பழைய தாளைக் கிழித்துவிட்டு, ஒரு பக்கம் 'உறக்கம்' என்றும் மறு பக்கம் 'விழிப்பு' என்றும் எழுதித் தந்தோம். மேஸ்திரி அச்சொற்களை வெள்ளைப் பெயிண்டினால் பெட்டியின்மேலேயே எழுதினார். கீழே, "புறப்படும் முன் விழிப்பு" என்று தாமே ஒரு வரி சேர்த்தார். கம்பி வகையாயின் இதே வேலையைச் செய்வது பின். வண்டி பட்டறையில் நிற்கும்போது அது இருக்க வேண்டும். பந்தயத்துக்குப் புறப்படும்போது கழற்ற வேண்டும். எவர் கழற்றுவது என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வர் என்று விட்ட வேலையை எவரும் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று: பழக்கம். யந்திரத்தை நிறுத்துதல், தீயணைப்பானை அழுத்துதல், பட்டையை அவிழ்த்தல், வெளியேறுதல் ஆகிய நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு செய்து பழக வேண்டும். ஏனெனில் புகை சூழ்ந்தால் கண் உதவாது. யந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் பெட்ரோல் பம்பு நெருப்புக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டே இருக்கும்; ஆதலால் முதலில் அதை நிறுத்த வேண்டும். மேஸ்திரி தம் மகனையும் ஓட்டுபவரையும் பட்டறை வாசலில் வண்டிக்குள் அமர்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, மாலைதோறும் வெளியேறப் பழக்கினார். தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தனர். முதல் நாளைவிடப் பத்தாம் நாளில் பாதி நேரமே ஆயிற்று.

அந்தப் பந்தயத்தில் என்ன நடந்தது என்று நேயர்கள் கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி தீப்பற்றவில்லை, பரிசும் பெறவில்லை, புழுதி படிந்து திரும்பி வந்தது. ஸ்விட்சை மீண்டும் உறக்கத்துக்குத் திருப்பிவிட்டு, மேஸ்திரி நமக்குத் தேநீர் வாங்கித் தந்தார். பந்தயத்தின் தொடக்கத்தில் தாமே வண்டியினுள் கையை நீட்டி 'விழிப்பு' என்னும் பக்கம் திருப்பியதாகவும், அதன் பின்னரே மகனின் தோளைத் தட்டி அனுப்பியதாகவும் சொன்னார்.

சிவாஜிநகரத்தார் நெருப்பை அறியாதவர் அல்லர். 1927ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டில் 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் விடியுமுன் பற்றிய தீயில் பல கடைகள் எரிந்தன. பந்தய வண்டி வைத்திருப்பவர் நம்மிற் சிலரே. ஆனால் தொலைவூர்களில் அலுவலகத்திலோ, அடுக்கு வீட்டிலோ, கடையிலோ வாழும் நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு சிவப்புச் சிலிண்டரைக் கடந்தே போகிறோம். அதன் தேதி என்ன, எடை சரிதானா, பின் எங்கே, எந்த மொழியில் எழுதியிருக்கிறது, அதைப் படிக்கத் தெரியாத காவலாளிக்கு எவரேனும் சொல்லிக் கொடுத்தனரா? சுவரிலுள்ள சிலிண்டரில் பின் எப்போதும் இருக்க வேண்டும். உபயோகிக்கும் கணத்திலேயே அதை இழுக்க வேண்டும். பந்தய வண்டிக்கும் சுவருக்கும் உள்ள இவ்வேற்றுமையைக்கூடப் பலர் அறியார். நாளைக் காலை ஒரு நிமிடம் நின்று அச்சீட்டைப் படியுங்கள். அருகிலுள்ளவர்க்கு அவர் மொழியில் அதைச் சொல்லுங்கள்.